யாருக்கும் தோணக்கூடியது

கண்ணாடி ஓடுன்னு ஒரு மனுஷனுக்குப் பேர் வச்சா உங்களுக்கு எப்படி இருக்கும் சார்? நேர்ல சொல்ல மாட்டாங்க. லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள, "ஓடு கீழ இறங்குது"ன்னு ஒரு குரல் கேக்கும். யார்னு திரும்பிப் பார்த்தா எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நான் ரிட்டயர் ஆன அன்னைக்குக் கண்ணாடியில செஞ்ச பிள்ளையார் ஒண்ணு கொடுத்தாங்க. கொடுத்ததும் பின் வரிசையில களுக்குன்னு சிரிப்பு. எனக்குப் புரியாதுன்னு நெனச்சிருப்பாங்க. எனக்கா புரியாது?

நீங்க சேலத்துல இறங்கறீங்களா? சரி, அதுக்குள்ள சொல்லிடலாம். பெரிய கதை இல்லை.

நான் காப்புரிமை ஆபீஸ்ல இருந்தேன் சார். ஒருத்தர் ஏதோ ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு எழுதிக் கொண்டுவருவார். அதை வேற யாரும் செய்யக்கூடாது, எனக்கு மட்டும்தான் உரிமைன்னு கேப்பார். கொடுக்கலாமா கூடாதான்னு முடிவு எழுதறது என் வேலை. அது புதுசான்னு முதல்ல பார்ப்போம். புதுசாவே இருந்தாலும் போதாது. அந்தத் தொழில் தெரிஞ்ச எவனுக்கும் தானா தோணக்கூடியதான்னு பார்ப்போம். தோணக்கூடியதுன்னா கிடையாது, போயிட்டு வாங்கன்னு சொல்லிடுவோம். எங்க பாஷையில அதை 'ஆப்வியஸ்'னு சொல்றது. சின்ன வார்த்தை. ஆனா மொத்த வேலையும் அந்த வார்த்தைக்குள்ளதான்.

என் டேபிளுக்கு வர்றதெல்லாம் டிஸ்பிளே சமாச்சாரம். டிவி ஸ்கிரீன், செல்போன் ஸ்கிரீன், ஸ்டேஷன்ல ஓடுற எழுத்து, இந்த மாதிரி. அப்படித்தான் அந்த அப்ளிகேஷன் வந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து. பேர் பூங்கோதை. கூட அவங்க தம்பி மதிவாணன். அக்கா இன்ஜினியர், தம்பி டிப்ளமோ. பஸ் நெத்தியில எங்க போகுதுன்னு எழுத்து ஓடுமே, அந்த போர்டு செஞ்சு கொடுக்கற சின்ன கம்பெனி.

அப்பல்லாம் அந்த போர்டு உச்சி வெயில்ல தெரியாது சார். ஞாபகம் இருக்கா? ராத்திரி பளபளன்னு இருக்கும். மத்தியானம் வெயில் நேரா மூஞ்சியில அடிச்சா எல்லாப் புள்ளியும் வெள்ளையா ஒரே மாதிரி ஆயிடும். டிரைவர் ஒரு அட்டையில ஊர் பேரை எழுதிக் கண்ணாடிக்குள்ள சாத்தி வச்சிருப்பார். எல்லா கம்பெனிக்காரனும் என்ன பண்ணான்னா, விளக்கோட சக்தியை ஏத்தினான். இன்னும் ஏத்தினான். போர்டு சூடாகி எரிஞ்சு போச்சு. இந்தம்மா என்ன பண்ணாங்கன்னா, விளக்கை அணைச்சுட்டாங்க.

ஆமா சார், அணைச்சுட்டாங்க. பஸ் கூரையில விழற வெயிலைக் கண்ணாடி மாதிரி ஒரு தகடு வழியா இறக்கி போர்டுக்குப் பின்னாடி கொண்டுவந்தாங்க. முன்னாடி எழுத்துக்குத் தகுந்தபடி திறந்து மூடற மாதிரி ஒரு ஸ்கிரீன். வெயில் கூடக் கூட எழுத்தும் கூடப் பளிச்சுன்னு தெரியும். ராத்திரிக்கு மட்டும் விளக்கு. இவ்வளவுதான்.

கேக்கும்போது உங்களுக்கே சிரிப்பு வருது பாருங்க. இவ்வளவுதானான்னு தோணுது இல்ல? அதேதான். எனக்கும் அதேதான் தோணுச்சு.

உடனே தோணுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். முதல் தடவை படிச்சப்ப எனக்கு ஒண்ணுமே புரியலை. விளக்கை அணைச்சா எப்படித் தெரியும்? பைத்தியக்காரத்தனமா இருக்கேன்னு மூடி வச்சுட்டேன். மறுபடி எடுத்தேன், மறுபடி புரியலை. அப்புறம் அந்தம்மா எழுதியிருந்த விளக்கத்தை நிதானமா, படத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிச்சேன். என்ன அழகா எழுதியிருந்தாங்க தெரியுமா! சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். அதைப் படிச்சு முடிச்ச நிமிஷம் பட்டுன்னு புரிஞ்சுடுச்சு. அட, இது யாருக்கும் தோணக்கூடியதுதானே!

அப்புறம் தேடினேன். அவங்க உபயோகிச்ச வார்த்தைகளையே போட்டுத் தேடினேன். ஜப்பான்காரன் ஒருத்தன், மாடியில விழற வெயிலைக் குழாய் வழியா கீழ் ரூமுக்குக் கொண்டுபோறதைப் பத்தி எழுதியிருந்தான். ஜெர்மன்காரன் ஒருத்தன், பின்னாடி பல்பு வச்சு முன்னாடி திறந்து மூடற ஸ்கிரீன் பண்ணியிருந்தான். ரெண்டையும் ஒட்டிப் பாருங்க, இந்தம்மாவோட போர்டு வந்துடும். இது போதாதுன்னு இன்னொண்ணும் சேர்த்தேன். என் சொந்த யோசனை. நம்ம ஊர் ஓட்டு வீட்டுல நடுவுல ஒரு கண்ணாடி ஓடு பதிப்பாங்களே, பகல்ல வெளிச்சம் வர? வெயிலைக் கூரை வழியா உள்ள கொண்டுவர்றது இந்த நாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்னு எழுதினேன். எழுதின அன்னைக்கு எனக்கே ஒரு திருப்தி. வத்சலாகிட்ட, என் வீட்டம்மாகிட்ட, சொன்னேன். "அப்படின்னா நீங்க ஏன் பண்ணலை?"ன்னு கேட்டா. விஷயம் தெரியாதவங்ககிட்ட என்ன பேசறது.

ஹியரிங்குக்கு அக்காவும் தம்பியும் வந்தாங்க. நேர்ல ஒரு தடவை அவங்க தரப்பைக் கேக்கணும், அது சட்டம். முடிவு என் மனசுல தயாராத்தான் இருந்துச்சு, இருந்தாலும் கேக்கணும். தம்பிக்காரன் அந்த போர்டையே கோயமுத்தூர்ல இருந்து தூக்கிக்கிட்டு வந்திருந்தான். பெட்ஷீட்டுல சுத்தி, குழந்தையைத் தூக்கற மாதிரி. எங்க ரூம் ஏசி ரூம், ஜன்னலுக்கெல்லாம் திரை. அங்க வெயில் ஏது?

"சார், ஒரு நிமிஷம் கீழ வாங்க சார். வெயில்ல வச்சுக் காட்டறேனுங்க"ன்னான்.

"அதெல்லாம் வழக்கமில்லை தம்பி. எழுதிக் கொடுத்ததை வச்சுத்தான் முடிவு"ன்னேன்.

"ஒரே நிமிஷமுங்க. பார்த்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்."

"பார்க்காமலே தெரியுது"ன்னேன்.

அவன் முகம் சிவந்துடுச்சு. அக்கா அவன் கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. அவங்க வக்கீல் ஏதேதோ சொன்னார். ஜப்பான் பேப்பரும் ஜெர்மன் பேப்பரும் எத்தனையோ வருஷமா கிடக்குது, அவ்வளவு சுலபம்னா ஏன் இதுவரைக்கும் ஒருத்தனும் ரெண்டையும் சேர்க்கலைன்னு கேட்டார். வக்கீல்னா அப்படித்தான் கேப்பாங்க. அப்புறம் அந்தம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களான்னாங்க.

"கேளுங்க."

"நீங்க ஆபீசுக்கு பஸ்லயா சார் வர்றீங்க?"

"பஸ்லதான்."

"மத்தியான வெயில்ல போர்டு தெரியாம நின்னிருக்கீங்களா?"

"ஏன் நிக்கலை? எல்லாரும்தான் நிக்கறோம்."

"அப்ப உங்களுக்கு என்னங்க தோணுச்சு?"

"கண்டக்டரைக் கேக்கணும்னு தோணுச்சு"ன்னேன்.

ரூம்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கும் சந்தோஷம், சூழ்நிலை கொஞ்சம் லேசாச்சேன்னு. அந்தம்மா மட்டும் சிரிக்கலை. "அவ்வளவுதானுங்க சார்"னு உக்காந்துட்டாங்க.

சாப்பாட்டு நேரத்துல தம்பிக்காரன் கீழ வண்டி நிறுத்தற இடத்துல போர்டை வச்சுக் காட்டியிருக்கான். ஆபீஸே இறங்கிப் போய்ப் பார்த்துச்சு. நான் போகலை. போனா சரியா இருக்காது, நாளைக்கு ஒருத்தன் ஏதாவது சொல்லுவான். எனக்குக் கீழ வேலை பார்த்த பிரதீபான்னு ஒரு பொண்ணு, மேல ஓடி வந்தா. "சார், வெயில்ல எழுத்து தகதகன்னு தெரியுது சார். எவ்வளவு அழகா இருக்கு!"

"அழகுக்கு வேற சட்டம் இருக்கும்மா"ன்னேன்.

இப்ப யோசிச்சாலும் நல்ல பதில்தான்.

கிடையாதுன்னு உத்தரவு போட்டேன். நல்லா எழுதின உத்தரவு சார் அது. வேணும்னா உங்களுக்கு அனுப்பறேன். படிச்சா நீங்களும் ஒத்துப்பீங்க.

அவங்க அப்பீலுக்குப் போனாங்க. முதல்ல ஒரு தீர்ப்பாயத்துல கிடந்துச்சு, அந்தத் தீர்ப்பாயத்தையே அரசாங்கம் மூடிடுச்சு, அப்புறம் கோர்ட்டுக்குப் போச்சு. வருஷம் ஓடுது. நானே மறந்துட்டேன். ரிட்டயர்மென்ட் நெருங்கற சமயத்துல தீர்ப்பு வந்துச்சு. என் உத்தரவு செல்லாது, காப்புரிமை கொடுங்கன்னு. கொடுக்கட்டும், அதைப் பத்தி எனக்கென்ன? ஆனா ஜட்ஜ் என்ன எழுதினார் தெரியுமா? 'விடையைப் பார்த்த பிறகு கேள்வி சுலபம் என்று சொல்லும் மாணவனைப் போல இந்த அதிகாரி நடந்துகொண்டிருக்கிறார்.' அதோட விட்டாரா? 'கண்ணாடி ஓடு எல்லா வீட்டிலும் இருந்தும், அதைப் பார்த்துப் பேருந்துப் பலகை செய்யவேண்டும் என்று இந்த அதிகாரி உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.' பேப்பர்ல வந்துச்சு சார். என் பேர் இல்லை, ஆனா ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமே. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த ஓடு.

விடையைப் பார்க்காம எப்படி சார் பேப்பர் திருத்தறது? நீங்களே சொல்லுங்க.

ரிட்டயர் ஆயி வீட்டுல உக்காந்தா வேற நினைப்பே வரலை. தினமும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கறது, பதில் எழுதறது, கிழிக்கறது. வத்சலா பார்த்துப் பார்த்து, "ஒரு தடவை அந்தம்மாவை நேர்ல பார்த்து மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. உங்களுக்கும் தூக்கம் வரும்"னா. மன்னிப்பா? எதுக்கு? ஆனா நேர்ல பார்க்கறது நல்ல யோசனையா பட்டுச்சு. கோர்ட்டுல நான் பேச முடியலை. அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லலாமே. படிச்சவங்க, சொன்னா புரிஞ்சுப்பாங்க.

அதுக்குத்தான் சார் கோயமுத்தூர் வந்தேன். இன்னைக்குக் காலையில பார்த்தேன்.

கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சாம். காந்திபுரம் பக்கம் அவங்க சித்தப்பாவோட எலெக்ட்ரிக் சாமான் கடை, அதுல கவுன்ட்டர்ல உக்காந்திருக்காங்க. முடி நரைச்சுப் போச்சு. நான் பேரைச் சொல்லலை, அதுக்குள்ள எந்திரிச்சுட்டாங்க.

"வாங்க குலசேகரன் சார். உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

பாருங்க, மறக்கலை. மரியாதை தெரிஞ்சவங்க.

உக்காந்தேன். காப்பி வந்துச்சு. தம்பி எப்படி இருக்கார்னு விசாரிச்சேன்.

"மஸ்கட்ல இருக்கானுங்க. ஏசி ரிப்பேர் வேலை."

"அடிக்கடி பேசுவாரா?"

"இல்லீங்க. போனை எடுக்கறதில்லைங்க."

அப்புறம் அவங்களே சொன்னாங்க. ஹியரிங்குக்கு முந்தியே ஒரு வெளிநாட்டு கம்பெனிக்காரன் வந்திருக்கான். எல்லாத்தையும் எங்களுக்கே எழுதிக் கொடுத்துடுங்கன்னு கேட்டிருக்கான். தம்பி கொடுத்துடலாம்னானாம். அக்கா மாட்டேன்னாங்களாம். "காப்புரிமை வரட்டும்டா, நம்ம பேர்லயே இருக்கட்டும், அப்புறம் அவங்களுக்கு வாடகைக்கு விடலாம்"னு சொல்லிக் காத்திருக்காங்க. என் உத்தரவு வந்ததும் வெளிநாட்டுக்காரன் கிளம்பிட்டான். உரிமை இல்லாத பொருளை எதுக்கு விலை கொடுத்து வாங்கணும்? அவனே செஞ்சுக்கிட்டான். தம்பி, "உன் பிடிவாதத்தாலதான் எல்லாம் போச்சு"ன்னு கத்தியிருக்கான். இவங்களும் ஏதோ பதிலுக்குச் சொல்லியிருக்காங்க. என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட சொல்லலை. அவன் பட்டறையை வித்துட்டுப் போனவன்தான். அம்மா சாவுக்குக்கூட வரலையாம்.

கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா பாருங்க, அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கோர்ட்தான் கடைசியில கொடுத்துடுச்சே?

"காப்புரிமை இப்ப உங்க பேர்லதானேம்மா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"விட்டுட்டேனுங்க. புதுப்பிக்கலை. இப்ப வர்ற எல்இடி எந்த வெயில்லயும் தெரியுதுங்களே. எங்க போர்டை யாரு வாங்குவாங்க?"

"அந்த போர்டு இருக்கா? பார்க்கலாமா?" ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்.

"பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க."

சரின்னு நான் வந்த விஷயத்தை ஆரம்பிச்சேன். ஜப்பான் பேப்பரை விளக்கினேன், ஜெர்மன் பேப்பரை விளக்கினேன், ரெண்டும் எப்படிச் சேருதுன்னு அவங்க பில்லு போடற மேஜையில விரலால கோடு போட்டுக் காட்டினேன். நடுவுல நடுவுல ஆள் வந்து கெடுத்தாங்க. ஒருத்தருக்கு ஹோல்டர், ஒருத்தருக்கு டேப். அந்தம்மா எடுத்துக் கொடுத்துட்டு, "சொல்லுங்க சார்"னு திரும்ப வந்து உக்காருவாங்க. ஒரு தடவைகூட மறுத்துப் பேசலை. நான்தான் சந்தேகப்பட்டு, "புரியுதாம்மா?"ன்னு கேட்டேன்.

"புரியுதுங்க."

"அப்ப, நீங்களே மனசாட்சியோட சொல்லுங்க. அது யாருக்கும் தோணக்கூடியதுதானே?"

மேஜையில என் விரல் போட்ட கோட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க.

"ஆமாங்க சார். யாருக்கும் தோணியிருக்கும். பெரிய விஷயமில்லைங்க."

என் காதையே நம்ப முடியலை. "நிஜமாத்தான் சொல்றீங்களா? எனக்காகச் சொல்லலையே?"

"நிஜமாத்தானுங்க. ரொம்ப நாளாவே எனக்கு அப்படித்தான் தோணுது. வெயிலு எல்லாத்து மேலயும்தான் விழுது. நாங்க என்னத்தைக் கண்டுபிடிச்சோம்?"

ஜட்ஜ் என்ன வேணா எழுதட்டும் சார். கண்டுபிடிச்சவங்களே ஒத்துக்கிட்டாங்க. அவங்க வாயாலயே. அந்த நிமிஷம் என் தலையில இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கிளம்பும்போது அந்தம்மா கூடவே வாசல் வரைக்கும் வந்தாங்க. "சார், ஒரு உதவிங்க"ன்னாங்க.

"சொல்லுங்கம்மா."

"இதை என் தம்பி மதிகிட்ட ஒரு தடவை சொல்றீங்களா? அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை, யாருக்கும் தோணக்கூடியதுதான்னு, இப்ப எனக்கு விளக்குன மாதிரியே. நானே ஒத்துக்கிட்டேன்னும் சொல்லுங்க. நான் சொன்னா போனை எடுக்க மாட்டான். நீங்க புது நம்பர்ல இருந்து பேசுனா எடுப்பானுங்க. இல்லாத ஒண்ணுக்காகத்தான் நாங்க சண்டை போட்டுக்கிட்டோம்னு தெரிஞ்சா, ஒருவேளை என்கூடப் பேசுவான்."

நான் என்ன சொல்றது? குடும்ப விவகாரம். வெளியாள் நுழையக்கூடாது. என் சர்வீஸ் முழுக்க நான் என் எல்லையைத் தாண்டினதே இல்லை சார். "அதெல்லாம் நீங்க அக்கா தம்பி பேசித் தீர்த்துக்கறதுதாம்மா முறை. நான் நடுவுல வந்தா நல்லா இருக்காது"ன்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன்.

"சரிங்க சார்"னாங்க. யாரோ டியூப்லைட் கேட்டுக்கிட்டு வந்தாங்க, உள்ள போயிட்டாங்க. நான் கொஞ்ச நேரம் வாசல்ல நின்னேன், போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு. அந்தம்மா டியூப்லைட்டைச் சொருகி எரியுதான்னு பார்த்தாங்க, அணைச்சாங்க, மறுபடி போட்டாங்க, அணைச்சாங்க. வாங்க வந்தவர், "எரியுதும்மா, கொடுங்க"ங்கறார். இவங்க விடலை. நான் ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்.

ஸ்டேஷன்ல இருந்தே வத்சலாவுக்குப் போன் போட்டேன். ஒத்துக்கிட்டாங்கடி, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. சந்தோஷப்படுவான்னு பார்த்தா, கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அந்தத் தம்பியோட நம்பரை வாங்கிட்டு வந்தீங்களா?"

"எதுக்கு?"ன்னேன்.

லைன் கட் ஆயிடுச்சு. அப்புறம் ரெண்டு மூணு தடவை போட்டுப் பார்த்தேன், மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா. இந்தப் பக்கம் சிக்னலே சரியில்லை சார். ஈரோடு வந்ததும் திரும்பப் போட்டுப் பார்க்கணும்.